லண்டன் இருட்டில் பறந்த "கோயம்புத்தூர்!" உள்ளங்கை விமானத்தில் உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மதுரை,

1941-ம் ஆண்டு. நள்ளிரவு. லண்டன் நகரம் விளக்குகளை எல்லாம் அணைத்து விட்டு இருட்டில் கிடக்கிறது. மேலே ஜெர்மன் குண்டு வீச்சு விமானங்கள் உறுமுகின்றன. அவற்றைத் தேடிக்கொண்டு ஒரு கரிய போர் விமானம் அலைகிறது.

அந்த விமானத்தின் உடம்பில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் எழுதி இருந்தது. என்ன பெயர் தெரியுமா?

"கோயம்புத்தூர்-2!"

ஆமாம், நம்ம கோயம்புத்தூர்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, திண்டுக்கல், பழனி வழியாகப் போகிறோமே, அதே கோயம்புத்தூர்!

அந்த விமானம் இன்று உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் அந்தப் பெயர் மட்டும் பிழைத்து இருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாடல் விமானம் செய்கிறார்கள் அல்லவா? அந்த "கிட்" பெட்டிக்குள் வரும் ஸ்டிக்கர் தாளில், எறும்பு அளவு எழுத்தில், அது அச்சாகி வந்து இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆணிக்கு ஒரு விலை!

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது இங்கிலாந்துக்கு விமானம் வாங்கப் பணம் தேவைப்பட்டது. 1940-ம் ஆண்டு ஊர் ஊராக, நாடு நாடாக உண்டியல் ஏந்தினார்கள்.

"5 ஆயிரம் பவுன் கொடு. ஒரு போர் விமானத்துக்கு உன் ஊர் பெயரை வைக்கிறோம்" என்பது ஏற்பாடு.

அப்போது ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தக் கணக்கில் 5 ஆயிரம் பவுன் என்பது ஏறத்தாழ 66 ஆயிரத்து 600 ரூபாய். உண்மையில் ஒரு விமானம் செய்து முடிக்க இதைவிட ஜாஸ்தி ஆகும். ஆனால் வசூலுக்கு வைத்த விலை அதுதான்.

முழு விமானம் வாங்க முடியாதவர்களுக்குப் பாகம் பாகமாகவும் விலை போட்டு இருந்தார்கள். விமானத்தில் அடிக்கும் ஒரு சின்ன ரிவெட் ஆணிக்கு 6 பென்ஸ். நம்ம காசில் 5 அணா 4 பைசா! அந்தக் காலத்துப் பைசா. 12 பைசாவுக்கு ஓர் அணா.

சென்னை மாகாணத்தில் இருந்து பெரும் தொகை போயிற்று. அதற்கு நன்றியாக இங்கிலாந்து விமானப்படையில் 3 படைப்பிரிவுகளுக்கு "மெட்ராஸ் பிரசிடென்சி" என்றே பெயர் சேர்த்தார்கள். 79-ம் பிரிவு, 234-ம் பிரிவு, 264-ம் பிரிவு ஆகியவைதான் அந்த மூன்றும்.

பக்கத்து மைசூர் சமஸ்தானமும் கொடுத்தது. 129-ம் பிரிவுக்கு "மைசூர்" என்று பெயர். அதன் சின்னத்தில் மைசூர் அரண்மனையின் இரட்டைத் தலைப் பறவையான கண்டபேரண்டத்தையே போட்டார்கள்!

எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்களா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்து விட்டார்கள். இதை எதிர்த்து 1939-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது.

1940-ம் ஆண்டு அக்டோபர் 17-ந்தேதி தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல் ஆளாக வினோபா பாவே இறங்கினார். "வெள்ளைக்காரன் போருக்கு ஆளும் தராதே, பணமும் தராதே" என்பதுதான் சத்தியாக்கிரகிகள் சொன்னதன் சாரம். அப்படிப் பேசியவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். டிசம்பர் மாதம் ராஜாஜியும் கைது செய்யப்பட்டார்.

ஆக, ஒரே மாகாணம். ஒரே காலம். ஒரு பக்கம் "பணம் தராதே" என்று சொன்னவர் ஜெயிலில். இன்னொரு பக்கம் கொடுத்த பணத்தில் ஊர் பெயர் தாங்கிய விமானம் லண்டன் வானத்தில்!

அந்தப் பணம் யாருடையது? ஜமீன்தார் கொடுத்ததா, மில் முதலாளி கொடுத்ததா, கையெழுத்துப் போடச் சொன்னதால் குமாஸ்தா கொடுத்ததா? விமானத்தில் அதெல்லாம் எழுதவில்லை. ஊர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள்.

அதனால்தான் சொல்கிறோம். இந்த விமானத்தை மாடலாகச் செய்கிறவர் ஏனோதானோ என்று செய்யக்கூடாது. செய்தால் நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி!

நம்பர் பிளேட் போதும்

"என்ன சார், பொம்மைக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று கேட்பீர்கள்.

பொம்மை வேறு, மாடல் வேறு.

இரண்டு இறக்கை, ஒரு வால், ஒரு காற்றாடி இருந்தால் அது பொம்மை விமானம். குழந்தை விளையாடலாம். ஆனால் "இது இன்ன நம்பர் விமானம், இன்ன வருஷம், இன்ன ஊரில் இருந்தபோது இப்படித்தான் இருந்தது" என்று சொல்லும்படி இருந்தால் அதுதான் மாடல்.

ரோட்டில் விபத்து நடந்தால் போலீசார் முதலில் என்ன கேட்கிறார்கள்? "வண்டி என்ன கலர்?" என்றா? இல்லை. "நம்பர் என்ன?" என்றுதான்.

விமானத்துக்கும் நம்பர் உண்டு. "கோயம்புத்தூர்-2" விமானத்தின் நம்பர் என்.1801. அதன் பக்கவாட்டில் பெரிதாக "பி.எஸ்." என்ற இரண்டு எழுத்துக்கள். அது 264-ம் பிரிவின் அடையாளம். பக்கத்தில் "பி" என்று தனி எழுத்து. அந்தப் பிரிவில் இது எந்த விமானம் என்று காட்டுவது.

ஓட்டியவர் வட அயர்லாந்துக்காரர் டெஸ்மண்ட் ஹியூஸ். பின்னால் பீரங்கிக் கூண்டில் உட்கார்ந்தவர் சார்ஜெண்டு பிரெட் காஷ். இரண்டு பேரும் இந்த ரக விமானங்களில் ஜோடியாகப் பறந்து 5 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்கள். ஹியூஸ் பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷல் பதவி வரை உயர்ந்தார்.

நம்பர் கிடைத்தது. ஆள் கிடைத்தது. இனி துப்பு துலக்க வேண்டியதுதான் பாக்கி.

முன்னால் துப்பாக்கியே இல்லாத போர் விமானம்!

அந்த விமானத்தின் ரகம் "டிபையன்ட்". போல்டன் பால் என்ற கம்பெனி செய்தது. முதன்முதலில் பறந்தது 1937-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி.

மற்ற போர் விமானங்களில் விமானியே நேராகப் பார்த்துச் சுடுவார். டிபையன்டில் அப்படி இல்லை. ஓட்டுகிறவர் கையில் துப்பாக்கியே கிடையாது! அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் 4 எந்திரத் துப்பாக்கிகள். உள்ளே ஒரு ஆள். கூண்டோடு சுழன்று சுழன்று அவர்தான் சுட வேண்டும்.

1940-ம் ஆண்டு மே 29-ந்தேதி டன்கிர்க் கடற்கரை மேல் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக 264-ம் பிரிவு கணக்குக் காட்டியது. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது அந்தக் கணக்கு மிகவும் இறங்கி விட்டது.

ஜெர்மானியர்கள் சீக்கிரமே குட்டை உடைத்து விட்டார்கள். "முன்னால் இருந்தும், வயிற்றுக்கு அடியில் இருந்தும் தாக்கினால் இவனால் சுட முடியாது" என்று தெரிந்து கொண்டார்கள். ஜூலை 19-ந்தேதி 141-ம் பிரிவின் 9 டிபையன்டுகள் கிளம்பின. அவற்றில் பாதிக்கு மேல் அழிந்தன. ஆகஸ்டு 24-ந்தேதி 264-ம் பிரிவின் தலைவர் பிலிப் ஹண்டரும் பறந்து போனவர் திரும்பி வரவில்லை.

இதற்குப் பிறகுதான் டிபையன்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து இரவு வேலைக்கு மாற்றினார்கள்.

கூண்டுக்குள் சிக்கிய உயிர்கள்

கூண்டில் இருப்பவரின் கதிதான் பரிதாபம். இடம் குறுகல். மற்றவர்கள் போல பாராசூட்டை முதுகில் மாட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதற்கென்று தனி உடுப்பு. விமானத்தில் மின்சாரம் நின்று போனால் கூண்டும் நின்று விடும். கதவு சரியான திசையில் இல்லாவிட்டால் வெளியே வருவது பெரும்பாடு. விமானி குதித்துத் தப்பினார், கூண்டுக்காரர் செத்தார் என்ற கதை பல.

மாடல் செய்கிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

கூண்டுக்கு முன்னும் பின்னும் விமானத்தின் முதுகில் மேடு போல ஒரு மூடி உண்டு. துப்பாக்கி சுழலும்போது வழி விடுவதற்காக அந்த மூடி காற்றழுத்தத்தால் கீழே இறங்கும். துப்பாக்கி வாலைப் பார்த்துப் படுத்து இருந்தால் மூடி மேலே இருக்கலாம். துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் மூடி கீழே இறங்கி இருக்க வேண்டும்.

மூடியை மேலே ஒட்டி விட்டு, துப்பாக்கியையும் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அப்படி ஒரு டிபையன்ட் வானத்தில் இருந்ததே இல்லை! ஒரு மூடி எப்படி வேலை செய்தது என்று தெரிந்து ஒட்டுகிறவருக்கு, அதற்குள் ஒரு மனுஷன் உட்கார்ந்து இருந்தான் என்பதும் தெரிந்து விடுகிறது.

தேதியைச் சொல்லும் தடயங்கள்

கிட் வாங்கும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். எந்த விமானம்? எந்தத் தேதி?

ஏன் தேதி? ஒரே விமானத்துக்கு இரண்டு வருஷத்தில் மூன்று தடவை பெயின்ட் மாறும். தேதி தெரியாமல் பெயின்ட் அடித்தால் பொய்ச்சாட்சி ஆகி விடும்.

இறக்கையிலும் உடம்பிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போட்ட விமானங்களைப் படத்தில் பார்த்து இருப்பீர்கள். அது 1944-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி பிரான்சு கடற்கரையில் படை இறங்கியபோது, சொந்தப் படையே சுட்டு விடாமல் இருக்கப் போட்ட அடையாளம். 1941-ம் ஆண்டு விமானத்துக்கு அந்தப் பட்டையைப் போட்டால், தேர்த் திருவிழாவுக்குத் தெப்பத்தை இழுத்த மாதிரிதான்!

இன்னொரு தடயம் நம்ம பக்கத்துக்கே சொந்தம்.

இங்கிலாந்து விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்புப் பொட்டு உண்டு. ஜப்பான் விமானத்தின் சின்னமும் சிவப்பு வட்டம்தான். பர்மா வானத்தில் தூரத்தில் பார்த்தால் குழப்பம். தன் ஆளையே சுட்டு விடும் ஆபத்து. ஆகவே இந்தியா, பர்மா பக்கம் பறந்த விமானங்களில் சிவப்புப் பொட்டை எடுத்து விட்டார்கள். நீலமும் வெள்ளையும் மட்டும்தான்.

"மெட்ராஸ் பிரசிடென்சி" பெயர் தாங்கிய 79-ம் பிரிவு 1942-ம் ஆண்டு இந்தியாவுக்கே வந்து விட்டது. ஹரிக்கேன் விமானங்களோடு பர்மாப் போரில் இறங்கியது. பிறகு தண்டர்போல்ட் ரகத்துக்கு மாறியது. அந்த ஹரிக்கேனைச் செய்ய ஆசைப்படுகிறவர், ஐரோப்பாவில் பறந்ததைப் போல சிவப்புப் பொட்டோடு ஸ்டிக்கர் ஒட்டினால் தவறு.

நம்ம ஊர்ப் புழுதிக்கு என்ஜின் தாங்காது என்று, இங்கே வந்த ஹரிக்கேன்களில் பொதுவாக மூக்குக்கு அடியில் தூசி வடிகட்டி வைத்து இருந்தார்கள். தாடி மாதிரி தொங்கும். கிட்டில் அந்தப் பாகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

1 மில்லி மீட்டர் தப்பினால்...

அடுத்து ஸ்கேல் கணக்கு. ஜவுளிக்கடைக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

பெட்டியில் 1/72 என்று போட்டு இருக்கும். அசல் விமானத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கியது என்று அர்த்தம். 6 அடி என்பது 72 அங்குலம். ஆகவே 6 அடி மனிதன் இந்த ஸ்கேலில் சரியாக 1 அங்குலம் இருப்பான்.

1/48 என்றால் கொஞ்சம் பெரியது. டிபையன்டின் இறக்கை விரிவு 39 அடி 4 அங்குலம். ஏறத்தாழ 12 மீட்டர். 1/72 ஸ்கேலில் இது 16½ சென்டி மீட்டர். 1/48 ஸ்கேலில் 25 சென்டி மீட்டர். வாடகை வீட்டில் ஒற்றை அலமாரி வைத்து இருப்பவருக்கு 1/72 போதும்.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, ஸ்கேல் குச்சியை எடுத்து இறக்கையையும் உடம்பையும் அளப்பது. வந்த அளவை 72-ஆல் பெருக்குங்கள். அசல் அளவோடு ஒத்துப் போகிறதா பாருங்கள்.

மாடலில் 1 மில்லி மீட்டர் என்பது அசலில் 7 சென்டி மீட்டருக்கு மேல். 5 மில்லி மீட்டர் தப்பினால் அசலில் ஒரு அடிக்கு மேல் போச்சு! தராசில் முத்திரை இல்லாத படிக்கல்லை நம்புவீர்களா? அதுபோல அளக்காத கிட்டையும் நம்பக்கூடாது.

பெட்டிப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

பெட்டி மேல் இருக்கும் படம் பிரமாதமாக இருக்கும். புகை, நெருப்பு, சுடுகிற துப்பாக்கி! உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அச்சு எந்தக் காலத்தது என்பதுதான் கேள்வி.

ஏர்பிக்ஸ் என்ற இங்கிலாந்து கம்பெனி 1953-ம் ஆண்டு தன் முதல் விமானக் கிட்டாக ஸ்பிட்பயரை வெளியிட்டது. 1/72 ஸ்கேல். பக்கவாட்டில் "பி.டி.-கே" என்ற எழுத்து. சக்கைப்போடு போட்டது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பார்த்து விட்டு, "உருவமே சரியில்லையே" என்று தலையில் அடித்துக் கொண்டார்கள்.

அதே கம்பெனி 1960-களில் விற்ற டிபையன்ட் கிட்டும் உண்டு. 2015-ம் ஆண்டு புதிதாக அச்சு வெட்டி வெளியிட்ட 1/72 டிபையன்டும் உண்டு. அடுத்த ஆண்டு 1/48 ஸ்கேலிலும் வந்தது. பழைய கிட்டில் ஆணிகள் வேர்க்குரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். புதியதில் தகட்டுக் கோடுகள் உள்ளே பதிந்து இருக்கும்.

பழைய அச்சையே புதுப் பெட்டியில் போட்டு விற்பதும் மாடல் உலகில் சகஜம். பழைய சட்டினிக்குப் புதுத் தாளிப்பு! ஆகவே பணம் கட்டும் முன் "இது எந்த வருஷத்து அச்சு?" என்று கேளுங்கள். கூடவே ஸ்டிக்கர் தாளின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய நம்பர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டிபையன்ட் பெட்டி எல்லாவற்றிலும் கோயம்புத்தூர் வராது!

சூலூர் தரும் இன்னொரு பாடம்

இந்திய வீரர் ஒருவரின் விமானத்தைச் செய்ய ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஏமாறும் இடம் "நாட்" விமானம். நாட் என்றால் கொசு மாதிரி சின்னப் பூச்சி.

1971-ம் ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி ஸ்ரீநகர் விமான தளத்தை 6 பாகிஸ்தான் சேபர் விமானங்கள் தாக்கின. 18-ம் பிரிவைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் செக்கான் தன் நாட் விமானத்தில் ஏறி எதிர்த்துப் போராடி உயிர் விட்டார். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர்தான்.

அந்த 18-ம் பிரிவு, 2020-ம் ஆண்டு மே 27-ந்தேதி தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர் பெற்றது. எங்கே தெரியுமா? கோயம்புத்தூர் அருகே சூலூரில்!

சரி, செக்கானின் நாட் விமானத்தைச் செய்வோம் என்று கடையில் "நாட்" என்று கேட்டால், பல சமயம் கிடைப்பது இங்கிலாந்தின் பயிற்சி நாட். சிவப்பு பெயின்ட் அடித்து "ரெட் ஆரோஸ்" குழுவினர் சாகசம் செய்து காட்டினார்களே, அந்த ரகம்.

பயிற்சி விமானத்தில் 2 பேர் உட்காரலாம். இறக்கையும் பெரியது. செக்கான் ஓட்டியது ஒற்றை ஆள் போர் விமானம். அதன் இறக்கை விரிவு 22 அடி 2 அங்குலம்தான். 1/72 ஸ்கேலில் 9½ சென்டி மீட்டர்கூட வராது. பயிற்சிக் கிட்டுக்கு இந்தியச் சின்னத்தை ஒட்டி "இதுதான் செக்கான் விமானம்" என்றால், அது ஆள் மாறாட்டம்! ஒற்றை ஆள் நாட் விமானத்தை ஸ்பெஷல் ஹாபி என்ற செக் நாட்டுக் கம்பெனி தனியாகப் போட்டு இருக்கிறது. அதைத் தேடி வாங்க வேண்டும்.

கட்டுவது எப்படி?

இனி பட்டறை வேலை.

சாமான்களுக்கு அலைய வேண்டாம். தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் வைத்து இருக்கும் சின்ன அரமும், கடிகார ரிப்பேர்காரர் வைத்து இருக்கும் இடுக்கியும் இதற்கு ஏற்றவை. ஒரு கூர்மையான கத்தி, நைசான தண்ணீர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், இரண்டு மூன்று பிரஷ். அவ்வளவுதான்.

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய் மாதிரி தொங்கும். கையால் பிய்க்கக்கூடாது. சற்றுத் தள்ளி வெட்டி எடுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை அலசிக் காய வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும்.

கம் போடும் முன் பாகங்களைச் சும்மா பொருத்திப் பாருங்கள். இடைவெளி இருந்தால் தேய்த்துச் சரி பண்ணுங்கள்.

விமானி அறையின் உள்புறத்துக்கு முதலில் பெயின்ட். உடம்பை ஒட்டி மூடிய பிறகு கை போகாது. இறக்கை ஒட்டும்போது முன்னால் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு நுனியும் ஒரே உயரத்துக்கு மேல் நோக்கி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த விமானம் ஆயுளுக்கும் நொண்டிதான்.

கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ போடவே கூடாது! அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளை பூத்து விடும். வெள்ளை பெவிகால் ஒரு துளி போதும். காய்ந்தால் நிறம் தெரியாது.

கறுப்பு என்றால் தார்க் கறுப்பா?

"கோயம்புத்தூர்-2" முழுக்கக் கறுப்பு விமானம். ஆனால் டப்பாவில் உள்ள கறுப்பை அப்படியே அடித்தால் நிலக்கரித் துண்டு மாதிரி ஆகி விடும். கோடுகளே தெரியாது.

ஆகவே அனுபவசாலிகள் கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்து அடிக்கிறார்கள். புகைக்குழாய்ப் பக்கம் கொஞ்சம் புகைக்கறை. ஆள் ஏறி மிதிக்கும் இறக்கை அடியில் கொஞ்சம் தேய்மானம். ஜாஸ்தி அழுக்குப் பண்ணினால் கெட்டது. இதுவும் போட்டோவைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

உலகத்தில் முழுதாக மிஞ்சி இருக்கும் டிபையன்ட் ஒன்றே ஒன்றுதான். நம்பர் என்.1671. இங்கிலாந்து விமானப்படை மியூசியத்தில் இருக்கிறது. அதுவும் இரவு விமானம். போலந்து வீரர்களின் 307-ம் பிரிவில் இருந்தது. அதன் போட்டோக்கள் உடம்பின் அமைப்பைப் பார்க்க உதவும். ஆனால் அதன் எழுத்தையும் சின்னத்தையும் பார்த்து நம்ம விமானத்துக்குப் போட்டு விடக்கூடாது. அண்ணன் போட்டோவைத் தம்பியின் ரேஷன் கார்டில் ஒட்ட முடியுமா?

கடைசியில் ஸ்டிக்கர்!

இந்த ஸ்டிக்கர் தண்ணீரில் நனைத்து ஒட்டுவது. நேராக சொரசொரப்பான கறுப்பு மேல் ஒட்டினால் அடியில் காற்று புகுந்து வெள்ளி மாதிரி மினுக்கும். ஆகவே முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு கை அடித்துக் காய வைக்க வேண்டும். ஸ்டிக்கரைச் சில விநாடி தண்ணீரில் நனைத்து, தாளில் இருந்து நழுவியதும் பிரஷ்ஷால் தள்ளி இடத்தில் வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு பளபளப்பு இல்லாத வார்னிஷ் ஒரு கை.

வால் பக்கம் நம்பர். பக்கவாட்டில் பிரிவின் எழுத்து. கடைசியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னப் பெயர்!

எச்சரிக்கை

பிளாஸ்டிக் கம், தின்னர், ஸ்பிரே பெயின்ட் எல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு. அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்குப் பக்கம் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த வாசனையை மூடிய அறையில் இழுத்தால் தலை சுற்றும். சிறுவர்கள் அதை முகர்ந்து பார்த்துப் பழகினால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வைப்பது நல்லது. கத்தியை எப்போதும் விரலுக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள்.

கிட் வாங்க வசதி இல்லையா?

வெளிநாட்டுக் கிட் என்றால் சரக்கு விலையோடு சுங்கம், பார்சல் கூலி எல்லாம் சேரும். சம்பளக்காரருக்குக் கஷ்டம்தான். கவலை வேண்டாம்.

1942-ம் ஆண்டு அமெரிக்க கடற்படை, பள்ளிக்கூட மாணவர்களிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் கேட்டது! விளையாட அல்ல. வானத்தில் வருவது நண்பனா, எதிரியா என்று சிப்பாய்களுக்குச் சொல்லித் தர. மாணவர்கள் மரத்தைச் செதுக்கிக் கொடுத்தார்கள். ஸ்கேல் அதே 1/72. அளவு தப்பினால் அந்த மாடலைப் பார்த்துப் படித்த சிப்பாய் சொந்த விமானத்தையே சுடுவான் அல்லவா?

ஆகவே மரத்துண்டும், சரியான வரைபடமும், பொறுமையும் போதும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாடல் விமானம் செய்வது ஒரு பயிற்சியாகவே இருக்கிறது. பிள்ளைகள் அதில் சேர்ந்தால் கற்றுக் கொள்ளலாம்.

பெருங்குடி ஓடுதளமும் சாட்சிதான்

மதுரைக்காரர்கள் இதை எல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று தள்ளி விட வேண்டாம். பெருங்குடிப் பக்கம் இன்று பயணிகள் ஏறி இறங்கும் நம்ம மதுரை விமான நிலையம், முதலில் இங்கிலாந்து விமானப்படை 1942-ம் ஆண்டு போருக்காகப் பயன்படுத்திய இடம்தான். அந்தப் போர் நம்ம வயல்காட்டு வரை வந்து விட்டுத்தான் போயிற்று.

அந்த ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி கொழும்பு மீது ஜப்பான் குண்டு போட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையைக் காலி செய்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். மாகாணத்தின் பணத்தில் வாங்கிய விமானம் லண்டனைக் காத்துக் கொண்டு இருந்தது. மாகாணத்தின் ஜனங்கள் ரெயிலுக்குக் காத்துக் கொண்டு இருந்தார்கள்!

இதை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் விமானம் வாய் திறந்து சொல்லாது. செய்கிறவர்தான் சொல்ல வைக்க வேண்டும்.

மாடலை முடித்து அலமாரியில் வைக்கும்போது, அடியில் ஒரு சின்ன அட்டை வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்:

"டிபையன்ட். நம்பர் என்.1801. 264-ம் பிரிவு, 1941. ஓட்டியவர் ஹியூஸ். சுட்டவர் காஷ். பெயர், கோயம்புத்தூர்-2. பணம், சென்னை மாகாணத்து ஜனங்களுடையது."

வீட்டுக்கு வருகிறவர் குனிந்து அதைப் படிப்பார். "என்னது, கோயம்புத்தூரா?" என்று கேட்பார். உட்கார வைத்து, ஒரு காபி கொடுத்து, விஷயத்தைச் சொல்லுங்கள்.